பாட்டு நிற்கும்வரை

வாழப்பாடி பள்ளி மைதானம், இரவு ஒன்றரை மணி.
பனங்காடு முப்பத்தொன்று, நாங்கள் இருபத்தெட்டு.
மேசைக் கடிகாரத்தில் பன்னிரண்டு நொடி.
அவர்கள் பக்கம் வெடிச்சரத்தைப் பிரித்தாகிவிட்டது.
பரிசுக் கிடாயின் கழுத்தில் மாலை.
யாரோ அதனோடு செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தீர்த்தகிரி பாடி வந்தான்.
பாட்டு என்றா சொல்வது அதை?
கபடி கபடி என்று
தூளியை ஆட்டுகிறவன் குரல்.
ஒரு கை இடுப்பில்.
தடைக்கோட்டைத் தாண்டி ஒரு கால் வைத்தான்,
நின்றான்.
தொட வரவில்லை. நேரம் கடத்த வந்திருந்தான்.
மிச்சமிருந்த எங்கள் நாலு பேரில் மூன்று பேர்
கையைத் தொங்கப்போட்டுவிட்டார்கள்.
கோகுலன் டவுசர் நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தான்.

பாய்ந்தேன்.
இரண்டு கையும் அவன் இடது கணுக்காலில்.
மாவு அள்ளிப் பழகிய கை, விடாது.
அவன் திரும்பினான், கால் திரும்பவில்லை.
முட்டியில் எழுந்த சத்தம்
பாட்டைவிடத் தெளிவாகக் கேட்டது.

எமிலி டீச்சர் விசில் ஊதி
எங்கள் பக்கம் கை நீட்டினார்.
ஒரு புள்ளி.
"பாடிக்கிட்டு இருக்கிறவரைக்கும் அவன் ரைடர்தான்.
பிடிக்கக் கூடாதுன்னு எந்த ரூல்ல இருக்கு, காட்டுங்க."
யாரும் காட்டவில்லை.
ஒரு செருப்பு வந்து விழுந்தது.
எறிந்தவன் பிறகு வந்து எடுத்துக்கொண்டு போனான்.

அவனைத் தூக்கிப் போகும்வரை கடிகாரத்தை நிறுத்தினார்கள்.
நான்கு.
அவன் கொல்ல வந்த நேரம்
சாகாமல், சிவப்பு எழுத்தில்
எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு ரைடு தொடங்க நான்கு நொடி போதும்.
மாதையன் போனான், போனஸ் எடுத்தான், அவ்வளவுதான்.
ஒரு புள்ளியில் தோற்றோம்.

ஆத்தூரில் எங்கள் சேகோ ஆலையில்
கும்பிட்டவனை வெட்டினவன் என்று என்னைச் சொன்னார்கள்.
அவன் எங்கே கும்பிட்டான்?
போன தை மாதம் தாரமங்கலத்தில்
இதே தூளிக் குரல், இதே இடுப்புக் கை.
ஆட்டம் முடிந்ததென்று நான் நிமிர்ந்த நொடியில்
என் தோளைத் தொட்டுவிட்டு ஓடினான்.
அன்றைக்கு அவனைக் கெட்டிக்காரன் என்றார்கள்.
நானும்தான் சொன்னேன்.

இதையெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டு
சேலத்துக்கு பஸ் ஏறினேன்.
கொலுசுப் பட்டறை, இரண்டாவது சந்து.
மற்றவர்கள் சம்மணம் போட்டுப் பற்றவைக்கிறார்கள்.
அவன் மட்டும் பிளாஸ்டிக் ஸ்டூலில்,
கட்டுப்போட்ட காலை நீட்டி,
மடியில் பலகை வைத்து
சலங்கை மணி கோத்துக்கொண்டிருந்தான்.
கூலி பாதியாம். கேட்காமலே சொன்னான்.

நான் வாங்கிப்போன சாத்துக்குடியை
பையோடு ஆணியில் மாட்டினான்.
வெகுநேரம் பேச்சில்லை.
ஊதுகுழாயில் தீ சீறியது.

"கிடா நல்லா இருந்துச்சாம்,
எனக்கு ஆஸ்பத்திரி இட்லி" என்றான்.
பிறகு, மணியிலிருந்து கண்ணை எடுக்காமல்:
"நான் சும்மாதான் நிக்கறேன்னு தெரியுமா உனக்கு?"
"தெரியாது."
உண்மையா என்று எனக்கே நிச்சயமில்லை.
அவன் தலையாட்டினான்.
"எனக்கும் தெரியாதுப்பா.
உன் வலது கால் கொஞ்சம் முன்னால இருந்துச்சு.
பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

மன்னிப்பா அது, குற்றச்சாட்டா?
கேட்பதற்குள் முதலாளி வந்துவிட்டார்.
எழப் பார்த்தான், முடியவில்லை,
ஒரு மணி உருண்டு என் செருப்பருகே வந்தது.
எடுத்துக் கொடுத்தேன்.

ராத்திரி ஷிப்டில் உலர்களத்தில் நிற்கிறேன்.
வெள்ளை மாவு, வெள்ளை விளக்கு, கோடு எதுவும் இல்லை.
இருந்தாலும் குனிந்து பார்க்கிறேன்
வலது கால் எங்கே இருக்கிறதென்று.